ஏழாம் அத்தியாயம்: மாணவர் பத்திரிகையும் கணினியும்

அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளி என்று வழங்குவது பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளையே. அவ்வகுப்புகளில் பயிலும் நம் குழந்தைகள், வாரத்தில் ஐந்து நாட்களும் ஆங்கிலத்திலேயே சிந்தித்து, ஆங்கிலத்திலேயே எழுதி, சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ இரண்டு மணி நேரம் மாத்திரம் தமிழ்ப் பள்ளிக்கு வந்து போகிறவர்கள் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே ஆசிரியர்கள் இந்த அத்தியாயத்தை வாசிக்க வேண்டும். விரிகுடாப் பகுதியில் 1998-ஆம் ஆண்டு தொடங்கிய கலிபோர்னியா தமிழ்க் கழகம் முதலாக, நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் பிற்காலத்தில் தோன்றி வளர்ந்த பள்ளிகள் வரையில், பாடத்திட்டமும் பாடநூலும் பரீட்சையும் இன்று செவ்வையாக அமைந்திருக்கின்றன. ஆயினும், ஏழெட்டு ஆண்டுகள் சிரத்தையுடன் படித்த ஒரு குழந்தையை நோக்கி, “நீ எழுதியதை வாசிப்பதற்காக யாராவது காத்திருந்ததுண்டா?” என்று கேட்டால், இல்லை என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அது எழுதும் கட்டுரையை வாசிப்பவர் ஆசிரியர் ஒருவரே. அவருக்கோ அதில் என்ன இருக்கும் என்பது முன்னமே தெரியும். தெரியாத ஒருவருக்குத் தெரியாத ஒரு விஷயத்தைத் தமிழில் தெரிவிக்கும் அவசியம் அக்குழந்தைக்கு ஒருமுறையேனும் நேர வேண்டும். அதற்குப் பத்திரிகையைக் காட்டிலும் சிறந்த சாதனம் எனக்குத் தெரிந்தவரையில் வேறில்லை.

நான் இங்கே சொல்வது ஆண்டு மலரை அன்று. ஆண்டு விழாவை ஒட்டி வெளியாகும் மலர்களில் குழந்தைகளின் பெயரும் புகைப்படமும் இருக்கும். கட்டுரைகளைப் பார்த்தாலோ, தாய் தந்தையர் சொல்லச் சொல்லக் குழந்தை எழுதியவையும், குழந்தை ஆங்கிலத்தில் எழுத வீட்டார் மொழிபெயர்த்தவையும், முழுவதுமே பெரியவர்கள் எழுதியவையுமாக இருக்கக் காண்கிறோம். அன்பினால் செய்வதுதான் என்றாலும், அதனால் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படையான விதி இது: மாணவர் பத்திரிகையில் வெளியாகும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மாணவரே கேட்டறிந்து, மாணவரே எழுதி, மாணவரே தட்டச்சுச் செய்து, மாணவரே திருத்த வேண்டும், ஆசிரியரின் விரல் விசைப்பலகையில் படலாகாது. பின்னால் சொல்லப்போகும் எழுத்துரு, பக்க அமைப்பு முதலிய யாவும் இந்த விதிக்குத் துணைசெய்வனவே.

பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூன் அளவில் முடிகிறபடியால், ஆண்டுக்கு நான்கு இதழ்கள் என்று வைத்துக்கொள்வது உசிதம்: தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று, ஆண்டிறுதிக்கு ஒன்று. பதினொரு அங்குலத்துக்குப் பதினேழு அங்குலம் அளவுள்ள ஒரு தாளை நடுவில் மடித்தால், சாதாரண லெட்டர் அளவில் நான்கு பக்கங்கள் கிடைக்கும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் உள்ள வகுப்புக்கு நான்கு பக்கங்களை நிரப்புவதே போதுமான உழைப்பு.

பத்திரிகை முழுவதும் தமிழிலா, ஆங்கிலமும் கலந்தா என்ற விவாதம் ஒவ்வொரு பள்ளியிலும் எழும். இதற்கு நம் பத்திரிகைச் சரித்திரத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்து 1841 ஜனவரி 7-ஆம் தேதி வெளிவரத் தொடங்கிய ‘உதயதாரகை’, ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இரண்டு தமிழர்களை ஆசிரியர்களாகக் கொண்டு, தமிழும் ஆங்கிலமுமாகவே நடந்தது. அமெரிக்கர்கள் பொருளுதவி செய்து தமிழர் தேசத்தில் நடத்திய பத்திரிகைக்கு இருமொழி பொருந்தியதென்றால், தமிழர்கள் அமெரிக்காவில் நடத்தும் பத்திரிகைக்கு அது ஆகாதென்று சொல்ல நியாயமில்லை. என் அபிப்பிராயம், முதல் மூன்று பக்கங்கள் தமிழுக்கும், நான்காம் பக்கத்தின் அடியில் ஒரு சிறு கட்டம், தமிழ் வாசிக்கத் தெரியாத தோழர்களுக்காக, ஆங்கிலச் சுருக்கத்துக்கும் என்று வகுத்துவிடுவது. அந்தச் சுருக்கம் தமிழ்க் கட்டுரை முடிந்த பிறகே எழுதப்பட வேண்டும். வரிசை மாறினால் தமிழ் வெறும் மொழிபெயர்ப்பாகிவிடும்.

இனி, செய்தி சேகரிப்பது பற்றி. கணினியைத் திறப்பதற்கு முன் இரண்டு வகுப்புகளையேனும் இதற்கென்றே ஒதுக்க வேண்டும். “எதைப் பற்றி எழுதலாம்?” என்று கேட்டால், குழந்தைகள் உடனே தீபாவளியின் வரலாறு, பொங்கலின் சிறப்பு என்று சொல்வார்கள், ஏனெனில் தமிழில் எழுதுவதென்றால் அவற்றைத்தான் எழுதவேண்டும் என்று நாமே பழக்கியிருக்கிறோம். அவற்றை ஒதுக்கிவிட்டு, “இந்த வாரம் இந்த ஊரில் உனக்குத் தெரியாத எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாய்?” என்று கேட்க வேண்டும். எடிசனிலோ பிரீமாண்டிலோ பிளேனோவிலோ தமிழ்க் குடும்பங்கள் மளிகை வாங்கும் கடைகளில் முருங்கைக்காய் எங்கிருந்து வருகிறது, பனிக்காலத்தில் அதன் விலை ஏன் ஏறுகிறது என்பது ஒரு செய்தி. பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் பேரக் குழந்தைகளோடு தங்க வந்திருக்கும் தாத்தா பாட்டிமார், பகல் முழுவதும் வீட்டில் தனியே இருந்து என்ன செய்கிறார்கள், கார் ஓட்டத் தெரியாத ஊரில் எங்கே நடந்து போகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய செய்தி. அதைத் தமிழில் அல்லாமல் வேறு மொழியில் கேட்டு அறியவும் இயலாது. மொழியின் அவசியத்தைக் குழந்தைக்கு உணர்த்த இதைப் போன்ற சந்தர்ப்பம் அபூர்வமாகவே வாய்க்கிறது.

பேட்டிக்குப் போகும் மாணவர் ஐந்து கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி ஒன்றும் அவற்றுள் இருக்கலாகாது. நேரில் பேசும்போது, வழக்கப்படி “பாட்டி”, “மாமா”, “அத்தை” என்று அழைக்கட்டும். அச்சில் மாத்திரம் பெயரும், “சொன்னார்”, “வந்தார்” என்னும் மரியாதைப் பன்மையும் வர வேண்டும். இந்த வேற்றுமை குழந்தைகளுக்குத் தானாக வருவதில்லை. ஆங்கிலத்தில் மரியாதைக்கென்று தனி வினைமுற்று இல்லாதபடியால், “பாட்டி சொன்னாள்” என்றே பலர் எழுதுவார்கள்.

பேட்டியில் கிடைத்த பேச்சை எவ்வாறு எழுதுவது என்பதிலும் ஆசிரியர்கள் தடுமாறுகிறார்கள். பேச்சு முழுவதையும் செந்தமிழாக மாற்றிவிடச் சொல்வோர் பலர். நான் அதற்கு உடன்படேன். செய்தியாளரின் நடை எழுத்துத் தமிழாகவும், மேற்கோள் குறிக்குள் வருவது பேசியவரின் சொந்தத் தமிழாகவும் இருக்க வேண்டும். திருநெல்வேலிப் பாட்டி சொன்னது திருநெல்வேலித் தமிழிலேயே இருக்கட்டும். யாழ்ப்பாணத்துத் தாத்தா “கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்” என்று சொன்னால் அதுவே அச்சேறட்டும். வீட்டில் கேட்கும் தமிழுக்கும் பாடநூலில் படிக்கும் தமிழுக்கும் இடையே எங்கே எல்லை விழுகிறது என்பதை, இலக்கண வகுப்பில் மணிக்கணக்காக விளக்கினாலும் புரியாத குழந்தை, ஒரே ஒரு பேட்டியை எழுதும்போது தெளிவாக உணர்ந்துவிடுகிறது.

முதல் வாக்கியம் எழுதுவதில் ஒரு பிரத்தியேகமான கஷ்டம் உண்டு. யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களுக்கும் முதல் பத்தியிலேயே விடை வர வேண்டும் என்று அமெரிக்கப் பள்ளிகளில் கற்பிக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடுகிறபடியால், எத்தனை விவரங்களைப் பின்னால் தொங்கவிட்டாலும் பொருள் கெடுவதில்லை. தமிழிலோ பயனிலை இறுதியில் நிற்பதால், ஆறு விடைகளையும் ஒரே வாக்கியத்தில் அடைக்கும் குழந்தை, “சென்ற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பள்ளி அரங்கில் நடந்த பொங்கல் விழாவில் பெற்றோர்கள் பலர் கூடியிருந்தபோது ஏழாம் வகுப்பு மாணவர்கள் நடித்துக்கொண்டிருந்த நாடகத்தின் நடுவில்” என்று போய், என்ன நடந்தது என்று சொல்வதற்குள் தானும் களைத்து வாசகரையும் களைப்படையச் செய்கிறது. இதற்குப் பரிகாரம், நடந்ததை மாத்திரம் முதலில் சொல்வது: “நாடகத்தின் நடுவில் மின்சாரம் நின்றது. ஏழாம் வகுப்பு மாணவர்கள் கைப்பேசி வெளிச்சத்தில் நடித்து முடித்தார்கள்.” நாளும் இடமும் மூன்றாம் வாக்கியத்தில் வந்தால் போதும். ஏழு சொற்களுக்குள் ஒரு வினைமுற்று என்ற நியதியை முதல் இதழுக்கு மாத்திரம் கண்டிப்பாக விதித்து, பின்னர் தளர்த்திக்கொள்ளலாம்.

இப்பொழுது கணினிக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டு ‘பேஜ்மேக்கர்’ என்னும் மென்பொருள் வெளிவந்த பிறகு, அச்சுக்கூடம் இல்லாமலே மேஜைமேல் பத்திரிகையைத் தயாரிக்கும் வழி உலகுக்குப் பிறந்தது. தமிழும் அதில் விரைவாகவே பிரவேசித்தது. ஆனால் அந்நாளைய தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தியவை. பாமினி முதலிய அவ்வகை எழுத்துருவில் எழுதிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். யூனிகோடு தரம் 1991-ஆம் ஆண்டு தன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் வகுத்துக்கொடுத்தது. பள்ளியில் பழைய கோப்புகள் கிடைத்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்ட பிறகே உபயோகிக்க வேண்டும். புதிதாக எழுதுவது யாவும் யூனிகோடிலேயே அமைய வேண்டும்.

விசைப்பலகை விஷயத்தில் நான் சற்று வற்புறுத்தியே சொல்ல விரும்புகிறேன். நம் குழந்தைகளில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டச்சுச் செய்யவே விரும்புவார்கள். கூகுளின் உள்ளீட்டுக் கருவியில், குழந்தை ஏதோ ஓர் உருவில் தட்டினால், கருவியே ஊகித்துச் சில சொற்களை நீட்டும். ல, ள, ழ என்னும் மூன்றிலும், ந, ன, ண என்னும் மூன்றிலும் எது உரியது என்று தீர்மானிப்பது அங்கே குழந்தையன்று, இயந்திரம். சென்னையில் 1999-ஆம் ஆண்டு நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ விசைப்பலகையோ, இதற்கு நேர்மாறானது. உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம்; மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் பிறக்கும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும்: ப, ள, ள, இ என்று நான்கு விசைகளில் ‘பள்ளி’ வந்துவிடுகிறது. ந-வுக்குப் பின் த-வைத் தட்டினாலும் அப்படியே: ப, ந, த, உ என்றால் ‘பந்து’. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாவதையும், இன எழுத்து இனத்தோடு சேர்வதையும் விரல்களே கற்றுக்கொள்கின்றன. வகுப்பின் தொடக்கத்தில் பத்து நிமிஷம் என்று இரண்டு மாதங்கள் அப்பியாசம் செய்வித்தால், ஆங்கிலத் தட்டச்சு அறிந்த நடுநிலைப் பள்ளி மாணவருக்கு இது எளிதில் கைவரும். விண்டோஸ், மேக், கிரோம்புக் ஆகிய மூன்றிலும் இது உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று சேர்த்துக்கொண்டால் போதும். அரசுப் பள்ளி கொடுத்த கிரோம்புக்கில் சில சமயம் இந்த அமைப்பு நிர்வாகியால் பூட்டப்பட்டிருக்கும். அப்போது வீட்டுக் கணினியைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பு இயந்திரங்களை முற்றிலும் விலக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி இயந்திரத்திடம் கொடுத்து வாங்கிய தமிழை அடையாளம் காண்பது அரிதன்று: தேவையற்ற ‘ஒரு’ வாக்கியந்தோறும் வரும், ‘செய்யப்பட்டது’, ‘வழங்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினைகள் மலிந்திருக்கும், குழந்தை வாயால் சொல்லி அறியாத சொற்கள் தென்படும். அத்தகைய கட்டுரை வந்தால் கோபிக்காமல், அதை மூடி வைத்துவிட்டு, “என்ன நடந்தது, சொல்” என்று கேட்டு, அது சொன்ன சொற்களையே எழுதச் செய்ய வேண்டும். எழுத்து முதலில் கூகுள் டாக்ஸ் போன்ற பொது ஏட்டில் இருந்தால், யார் எப்போது என்ன மாற்றினார் என்பது பதிப்பு வரலாற்றில் தெரியும். ஆர்வ மிகுதியால் இரவில் திருத்திவிடும் பெற்றோரின் கையும் அதில் தெரிந்துவிடும். பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் தாமாகக் கூகுள் கணக்கு வைத்துக்கொள்ள அமெரிக்காவில் அனுமதியில்லாதபடியால், பெற்றோர் மேற்பார்வையில் அமைந்த கணக்கையோ பள்ளிக் கணக்கையோ உபயோகிக்க வேண்டும்.

பக்க அமைப்பில் ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்து அப்படியே செய்தால் தமிழ் சிதையும். எட்டரை அங்குல அகலத்தில் ஓரங்கள் போக ஏழு அங்குலம் மிஞ்சும். ஆங்கிலத்தில் அதை மூன்று பத்திகளாகப் பிரிப்பதுண்டு. தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் துணைவினையும் சேர்ந்து நீள்வதால், மூன்று பத்தியில் வரிக்கு இரண்டே சொற்கள் நின்று, இடையே வெள்ளை ஆறு ஓடும். இரண்டு பத்திகளே பொருந்தும். இருபுறமும் சமன்செய்யாமல் இடப்புறம் மாத்திரம் நேராக விடுவது நலம். எழுத்து பதினொரு புள்ளிக்குக் குறையலாகாது. மேலே விலங்கும் கீழே சுழியும் வருகிற எழுத்துக்கள் ஒன்றோடொன்று மோதாதபடி வரிக்கு வரி பதினாறு புள்ளி இடைவெளி வேண்டும். உடலெழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்குக் கட்டமரன் அல்லது முக்த மலர் என்று இரண்டு எழுத்துருக்களோடு நிறுத்திக்கொள்ளலாம். இவை இலவசமாகக் கிடைப்பவை. ஏழெட்டு எழுத்துருக்களைக் கலக்கும் ஆசை குழந்தைகளுக்கு இயற்கை; அதை முதல் இதழிலேயே அடக்க வேண்டும்.

பக்கத்தைக் கட்ட ஸ்கிரைபஸ், லிபர்ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்களே போதுமானவை. ஸ்கிரைபஸின் பழைய பதிப்புகள் தமிழ் எழுத்துக்களைச் சரியாகக் கோக்கமாட்டா, 1.5 வரிசையின் பிந்திய பதிப்புகளையோ அவற்றுக்குப் பின் வந்தவற்றையோதான் நிறுவ வேண்டும். இன்டிசைன் வைத்திருக்கும் பள்ளிகள், அதில் பத்தியமைப்பை உலகமொழிகளுக்கானதாக மாற்றிக்கொள்ளாவிட்டால், கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்பதைக் காண்பார்கள். புகைப்படம் அச்சில் தெளிவாக விழ அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும்; மூன்றரை அங்குலப் பத்திக்கு 1050 புள்ளி அகலம் என்று குழந்தைகளே பெருக்கிப் பார்க்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். மூலக் கோப்பையே கேட்டு வாங்க வேண்டும். தாளின் வெளிப்புறத்தில் இடப்பக்கம் நான்கும் வலப்பக்கம் ஒன்றும், உட்புறத்தில் இரண்டும் மூன்றும் வருமாறு அமைப்பதை, ஒரு வெற்றுத்தாளை மடித்து எண்ணிட்டுக் காட்டினால் நொடியில் விளங்கிக்கொள்வார்கள்.

ஆசிரியர் குழுவை மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு விரிகுடாப் பகுதியிலேயே பிரசித்தமான உதாரணம் உண்டு. பாலோ ஆல்டோ உயர்நிலைப் பள்ளியில் 1984-ஆம் ஆண்டு சேர்ந்து பத்திரிகைக் கல்வி கற்பித்த எஸ்தர் வோஜ்சிக்கி, சிறு வகுப்பாக இருந்ததைப் பல பத்திரிகைகளும் நூற்றுக்கணக்கான மாணவர்களும் கொண்ட பெரிய நிலையமாக வளர்த்தார். எதை வெளியிடுவது என்ற முடிவை மாணவ ஆசிரியர்களிடமே விட்டதுதான் அவருடைய முறை. சட்டமும் சில மாநிலங்களில் இந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கிறது. மிசௌரி மாநிலத்து ஹேசல்வுட் பள்ளியில் தலைமையாசிரியர் மாணவர் பத்திரிகையின் இரண்டு பக்கங்களை நீக்கியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. ஆனால் கலிபோர்னியா 1977-ஆம் ஆண்டிலேயே மாணவர் பத்திரிகைச் சுதந்திரத்துக்குச் சட்டம் செய்திருந்தது. நியூஜெர்சி 2021 டிசம்பரில் செய்தது. டெக்சாஸில் அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை. தமிழ்ப் பள்ளிகள் அரசுப் பள்ளிகள் அல்லவாதலால் இவை நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் வாரநாட்களில் இந்த உரிமையோடு பழகும் குழந்தையிடம், வாரக்கடைசியில், “சிற்றுண்டி நேரம் போதவில்லை என்று எழுதாதே” என்று சொன்னால், தமிழ் என்பது உண்மையைப் பேச உதவாத மொழி என்று அது எண்ணிவிடும். அந்தக் குறையை எழுதட்டும். நிர்வாகியிடம் பதில் கேட்டு அதையும் சேர்த்து எழுதட்டும். ஆசிரியர் நிறுத்தவேண்டியவை, ஒருவரைப் புண்படுத்தும் பொய்யும், குழந்தைகளின் முழுப்பெயர், வீட்டு விலாசம் முதலிய விவரங்களும், பெற்றோர் சம்மதமில்லாத புகைப்படமுமே.

பிழை திருத்தம் மூன்று நிலைகளில் நடக்க வேண்டும். முதலில் எழுதியவர் தாமே உரக்க வாசிப்பது. பிறகு வேறொரு மாணவர் வாசிக்க, எழுதியவர் கேட்பது. கடைசியில் நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’யில் எழுத்துப்பிழையையும், ‘நாவி’யில் சந்திப்பிழையையும் பார்ப்பது. கருவி காட்டும் ஒவ்வொரு பிழையையும் மாணவரே ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். பேட்டியில் வரும் வட்டார வழக்குகளைக் கருவி பிழையென்றே காட்டும், அவற்றைத் தொடலாகாது. ஆசிரியர் தாம் கண்ட பிழையின் கீழ்க் கோடிடலாம். சரியான வடிவத்தை எழுதிக் கொடுக்கலாகாது. கால் எழுத்தாகிய ‘ா’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ர’வும், ‘கௌ’ என்பதற்குப் பதில் ‘கெள’ என்பதும் திரையில் கண்ணுக்குத் தப்பிவிடுவதால், ஒரு பிரதியைத் தாளில் அச்சிட்டே பார்க்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இரண்டு மூன்று பிழைகள் நிற்கும். நிற்கட்டும், அவற்றை அகற்றுவதற்காகப் பெரியவர் ஒருவர் இரவோடிரவாக உட்கார்ந்து நடையையும் மெருகிட்டுவிட்டால், அது மாணவர் பத்திரிகை ஆகாது.

எழுத்துருக்கள் உட்பதிந்த பிடிஎஃப் கோப்பாக்கி அச்சிட்ட பின், பிரதிகளைப் பள்ளி வாசலில் அடுக்கி வைத்துவிடாமல், பேட்டி கொடுத்தவர்களுக்கு அதை எழுதிய மாணவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர்கள் வாசித்து, “என் ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டாயே” என்று சொன்னால், அதைக் குறித்துக்கொண்டு வந்து அடுத்த இதழின் இரண்டாம் பக்கத்தில், திருத்தம் என்ற தலைப்பில், தன் கைப்பட எழுத வேண்டும். இதழ் வெளியான அடுத்த வகுப்பில் பாடம் எடுக்காமல், வந்த அபிப்பிராயங்களைக் கேட்டு, அடுத்த இதழின் ஆசிரியர், புகைப்படக்காரர், பக்கம் கட்டுபவர் ஆகிய பொறுப்புகளை மாற்றிக் கொடுத்து, பேட்டி காணவேண்டியவர்களின் பெயர்களை அன்றைக்கே பலகையில் எழுதிவிட வேண்டும்.